மழைக்கும் தாங்குகிற இலக்கு

தக்கலையிலிருந்து எழுதியிருக்கிற நண்பர் கேட்டது சுருக்கமாக இது. வயது 43, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. நாகர்கோவிலில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு வேலை, போக வர பைக். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாத சர்க்கரைச் சராசரி 6.1 இருந்தது. "எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கும் சுகர். மூன்று வருடமாக ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் 15 கிலோ குறைப்பதாக முடிவெடுக்கிறார், ஜிம்முக்கு வருடக் கட்டணத்தைக் கட்டுகிறார், பொங்கல் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. வருகிற ஜனவரியில் மாதத்துக்கு எத்தனை கிலோ என்று இலக்கு வைக்கலாம், தினமும் 10,000 அடி நடந்தால் போதுமா, சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவன் கோயில்களைக் கால்நடையாகச் சுற்றுகிற சிவாலய ஓட்டம் போக ஆசை, அது நடக்குமா என்று மூன்று கேள்விகள். எண்களைக் கேட்பதுபோல இருந்தாலும், எடுக்கிற முடிவு ஏன் கையில் நிற்பதில்லை என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. கடைசி வரியில் "எனக்கு மன உறுதி இல்லையோ" என்றும் எழுதியிருக்கிறார். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை நின்றுபோன பிறகும் நான்காவது முறை தொடங்க வழி கேட்கிறவருக்கு மன உறுதிக்குக் குறைவில்லை. இலக்கை வைத்த விதத்தில்தான் கோளாறு.

நான் பிசியோதெரபிஸ்ட். மார்த்தாண்டத்தில் 19 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். முட்டு வலி, நடு வலி என்கிற இடுப்பு வலி, பக்கவாதத்துக்குப் பிறகு நடை பழகுகிறவர்கள், இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் என்று பலரும் வருகிறார்கள். உடற்பயிற்சியைப் பற்றியும், ஆட்கள் அதை எங்கே விடுகிறார்கள் என்பதைப் பற்றியும் நான் சொல்வதை நீங்கள் ஓரளவு நம்பலாம். சாப்பாட்டைப் பற்றிப் பொதுவாக மட்டுமே சொல்வேன். மருந்து முழுக்க உங்கள் டாக்டர் வேலை. உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: எடையை 10 கிலோ குறைக்கவும், தினமும் 45 நிமிடம் நடக்கவும். வாங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. சோம்பேறித்தனம் என்று அன்று நினைத்தேன். அது தவறான எண்ணம் என்று எனக்குப் புரியவைத்தவர் குளச்சல் பக்கத்திலிருந்து வந்த, அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா. இரண்டு கால்முட்டும் தேய்ந்திருந்தன. மூன்று தடவை வந்தார், நிறுத்தினார், ஆறு மாதம் கழித்து வலி கூடித் திரும்ப வந்தார். அன்றுதான் முதல் தடவையாக, "உங்களுக்கு என்ன செய்ய முடியணும்னு ஆசை அம்மா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "சாரே, மண்டைக்காட்டுக் கொடைக்குப் போகணும். கடல்ல கால் நனச்சிட்டு, மணல்ல நடந்து வந்து அம்மனைக் கும்பிடணும். அது போதும்" என்றார். அப்போது கார்த்திகை மாதம். மாசியில் நடக்கிற அந்தக் கொடைத் திருவிழாவுக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, முற்றத்து மணலில் நடப்பது என்று பிரித்துக் கொடுத்தேன். தொடங்கிய நாளில் அரை நிமிடத்தில் நான்கு தடவைதான் எழ முடிந்தது. தை கடைசியில் பதினொன்று. கொடைக்குப் போய்விட்டு வந்து சொன்னார். எடை குறைந்தது இரண்டே கிலோ. பழைய சீட்டின்படி பார்த்தால் அவர் தோற்றவர். அந்தச் சீட்டை நான் அப்புறம் யாருக்கும் எழுதவில்லை.

உங்கள் 15 கிலோவுக்கு வருவோம். எடை குறைவது ஒரு விளைவு. காலையில் எழுந்து "இன்று 100 கிராம் குறைக்கப் போகிறேன்" என்று யாராலும் செய்ய முடியாது. நடக்கலாம், சீனியைக் குறைக்கலாம், நேரத்தோடு தூங்கலாம். அதற்கு உடம்பு எப்போது, எவ்வளவு பதில் தரும் என்பது நம் கையில் இல்லை. முந்தின நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டிருந்தால் உப்போடு சேர்ந்த தண்ணீரால் மறுநாள் முள் ஒரு கிலோ கூடக் காட்டும். பத்து நாள் ஒழுங்காக நடந்தவர் பதினோராம் நாள் காலையில் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இவ்வளவு செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே? நான் பார்த்தவரை மனிதர்கள் விடுகிற இடம் பெரும்பாலும் இதுதான். கால் வலித்து விட்டவர்களைவிடத் தராசைப் பார்த்து விட்டவர்கள் அதிகம்.

உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துகிற ஒரு ஆய்வு நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருடம் பின்தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு அந்த மூன்று வருடத்துக்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேர வேக நடை, சீனியையும் மாவுப்பொருளையும் எண்ணெயையும் குறைப்பது என்று வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இரண்டாவது கூட்டத்தாரின் சராசரி எடையில் சொல்லும்படியான குறைவு எதுவும் இல்லை. எடை முள் அசையாமலே ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. இதை வைத்து எடைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும் இலக்காக வைக்கப்பட்டன. அங்கே ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இரண்டு ஆய்விலும் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கிற சோதனையை வைத்து ஆட்களை எடுத்தார்கள். உங்களுக்கு எடுத்தது ஹெச்பிஏ1சி. இரண்டும் எப்போதும் ஒரே ஆளைக் காட்டுவதில்லை. அதனால் 55, 39 என்ற எண்களை அப்படியே உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். நடந்தால் பலன் உண்டு, எடை குறையாவிட்டாலும் உண்டு என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் எடைக்கு எண் வேண்டாமா? வேண்டும், ஆனால் சிறியதாக, தூரத்தில். 84 கிலோவில் 5 முதல் 7 சதவீதம் என்றால் 4 முதல் 6 கிலோ. அதை ஆறு மாதத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 கிலோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதைவிட நான் விரும்புகிற அளவு இடுப்புச் சுற்று. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில்தான் சேர்கிறது என்பதால் இந்தியர்களுக்கான வரம்பு தனியாகவே வைக்கப்பட்டிருக்கிறது: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபின், தையல் டேப்பை இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவை போதும். எடையை வாரத்துக்கு ஒரே நாள், காலையில் சாப்பிடும் முன் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுங்கள். நான்கு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது ஏதாவது சொல்லும்.

இனி தினசரி இலக்குக்கு வருகிறேன். அதில் செயல் மட்டும் இருந்தால் போதாது. எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்பது வரை இருக்க வேண்டும். "இனிமேல் தினமும் நடப்பேன்" என்று சொன்னால் தினமும் காலையில் புதிதாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் எடுக்கிற முடிவு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். "காலைச் சாயா குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கல்குளம் கோயில் குளத்தைச் சுற்றிவிட்டு வருவேன்" என்று சொன்னால் முடிவு எடுத்தாகிவிட்டது, டம்ளர் நினைவுபடுத்தும். இங்கிலாந்தில் 248 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2002இல் எழுதியிருக்கிறார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் எடுத்துச் சொன்ன கூட்டத்தில் அடுத்த வாரம் பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம். அதே பேச்சோடு எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதவும் வைத்த கூட்டத்தில் 91 சதவீதம். மாணவர்கள், ஒரே ஒரு வாரம், அவர்களே சொன்ன கணக்கு என்பதால் 91 என்ற எண்ணில் நான் மயங்கமாட்டேன். பிறகு வந்த ஆய்வுகளில் பலன் இதைவிடச் சிறியதாகத்தான் இருக்கிறது. பலன் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை, செலவும் ஒரு துண்டுக் காகிதம்தான்.

இங்கேதான் நம் குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. மழை. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் பெரும்பாலும் ஒரு பருவமழை என்றால் நமக்கு இரண்டும் கொட்டும். ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வெளியே போய் நடப்பதாக மட்டும் இலக்கு வைத்தால் வருடத்தில் பல வாரங்கள் அது தானாகவே உடையும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: இலக்கை வெயில் நாளுக்கு வைக்காதீர்கள், மழை நாளுக்கு வையுங்கள். மழை என்று நான் சொல்வது வானத்து மழையை மட்டும் இல்லை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல், சொந்தத்தில் கல்யாணம், மனசு சரியில்லாத நாள் எல்லாமே மழைதான். அப்படிப்பட்ட நாளிலும் செய்ய முடிகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் அடிப்படை இலக்கு. உங்களுக்கு நான் சொல்வது, வீட்டுத் திண்ணையிலோ ஹாலிலோ பத்து நிமிட நடையும், நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்வதும். நல்ல நாளில் அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் பத்து நிமிடம் முடிந்தாலே அன்றைய காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடலாம்.

ரப்பர் வைத்திருப்பவர்களைப் பாருங்கள். வருடத்தில் 365 நாளும் பால் வெட்டலாம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. மரத்துக்கு ஓய்வு வேண்டும், மழை நாளில் வெட்ட முடியாது, இலை உதிர்கிற காலத்தில் நிறுத்த வேண்டும். அதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் வருமானத்தை எண்ணுகிறார்கள். நாம் உடம்பு விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாது என்று எழுதி வைத்துக்கொண்டு, ஜனவரி 9 அன்று ஒரு நாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்று விடுகிறோம். அதனால் தினமும் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, வாரத்தில் ஏழுக்கு நான்கு நாள் என்று தொடங்குங்கள். இதற்கும் ஆதாரம் உண்டு. லண்டனில் 96 பேரை வைத்து, ஒரு செயல் எத்தனை நாளில் தன்னால் வருகிற பழக்கமாகிறது என்று பார்த்தார்கள். 21 நாள் என்று எல்லாரும் சொல்கிற கணக்குக்கு அங்கே இடமில்லை. நடுவான அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போயிற்று. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கத்தைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இந்தக் கடைசி வரியை உங்கள் அலமாரிக் கதவில் ஒட்டி வைக்கச் சொல்வேன்.

10,000 அடி கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். அந்த எண் மருத்துவத்திலிருந்து வந்தது இல்லை. 1960களில் டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. 2022இல் பல நாடுகளின் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடி வரையிலும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும் ஆயுள் நன்மை கூடிக்கொண்டே போய், பிறகு சமநிலைக்கு வந்தது. ஆக உங்கள் வயதுக்கு அது கெட்ட எண் இல்லை. ஆனால் இப்போது நீங்கள் எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். பைக்கில் போய் உட்கார்ந்து வேலை பார்க்கிற பலருக்கு 3,000 சொச்சம்தான் வரும். அதிலிருந்து 10,000க்குத் தாவினால் மூன்றாவது வாரம் குதிகால் வலியோடு என்னைப் போன்ற யாரிடமாவது வந்து நிற்பீர்கள். இருப்பதோடு 1,000 அடி கூட்டுங்கள், இரண்டு மூன்று வாரம் அதில் நில்லுங்கள், பிறகு அடுத்த ஆயிரம். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். ஓட்டம் தொடங்குகிறவர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்ததில் காயங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. மெதுவாகக் கூட்ட வேண்டும் என்பது என் அனுபவம், அந்தப் பத்துக்கு மட்டும் புனிதம் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. இந்த இரண்டாவது பாதியைத்தான் நம் ஊரில் யாரும் கேட்பதே இல்லை. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசைதான், அதனால் உங்களுக்கு அது கட்டாயம். நாற்காலியில் எழுந்து உட்கார்வது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, படி ஏறுவது, குதிகால் தூக்குவது என்று நான்கு போதும். ஜிம் இல்லாமலே இருபது நிமிடம்.

‘ஸ்மார்ட்’ இலக்கு என்று எங்காவது படித்திருப்பீர்கள். 1981இல் ஒரு மேலாண்மை இதழில் ஜார்ஜ் டோரன் என்பவர் கம்பெனி மேலாளர்களுக்காக எழுதியது அது. இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், அளக்கும்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் நல்லதுதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கடினமான, துல்லியமான எண் உதவுமா என்பதில் இப்போது ஆராய்ச்சியாளர்களுக்கே சந்தேகம் இருக்கிறது. இலக்கு பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் இருவருமே, இன்னும் கற்றுக்கொள்ளாத ஒரு வேலையில் எண்ணை இலக்காக வைப்பதைவிட, கற்றுக்கொள்வதை இலக்காக வைப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. முதல் மாதத்துக்கு உங்கள் இலக்கு கண்டுபிடிப்பதாக இருக்கட்டும். காலை ஒத்துவருகிறதா, வேலை முடிந்து வந்தபிறகா? எந்தச் செருப்பில் கால் வலிக்கவில்லை? எந்தத் தெருவில் நாய்த் தொல்லை இல்லை? மனைவியோடு நடந்தால் தொடர்கிறதா, தனியாக நடந்தாலா? இந்தப் பதில்கள் கிடைக்காமல் போட்ட திட்டங்கள்தான் உங்கள் மூன்று ஜனவரியும்.

ஆப் எதுவானாலும் சரி, சுவர்க் காலண்டரும் சரி. செய்ததைக் குறித்து வைப்பவர்கள் அதிகம் தொடர்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு, எதில் குறிக்கிறோம் என்பது முக்கியமில்லை. எல்லாரிடமும் சொல்லிவிட்டால் வைராக்கியம் வரும் என்பார்கள். அது சிலருக்கு உதவுகிறது, சிலருக்குச் சொன்னதே செய்த திருப்தியைத் தந்துவிடுகிறது. வீட்டில் ஒருவரிடம் சொன்னால் போதும் என்பது என் கருத்து. ஜிம் கட்டணத்தை இந்தத் தடவை மாதாமாதம் கட்டுங்கள்.

சாப்பாட்டிலும் இதே முறைதான். "சோற்றைக் குறைப்பேன்" என்பது இலக்கு ஆகாது. நீங்கள் ஒரு நாளைக்கு நான்கு சாயா குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன், அதாவது 35 கிராம் அளவில் சீனி. தனியாகச் சேர்க்கிற சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "அலுவலகத்துச் சாயா இரண்டும் சீனி இல்லாமல்" என்று ஒரே ஒரு மாற்றத்தை வையுங்கள், ஒன்றரை மாதம் வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) இருக்கிற நாளில் சோறு வேண்டாம் என்பது அடுத்தது. இரண்டும் மாவுதான். மீன் கறி இருக்கட்டும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வறுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. 45 நிமிட நடையில் செலவாவது இருநூறு கலோரி அளவுதான். மாலையில் இரண்டு ரசவடையும் ஒரு சாயாவும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்காக நடை வீண் என்று எண்ண வேண்டாம், எடைக்குச் சாப்பாடும், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நடையும் என்று மனதில் பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் வராது.

சரி, சிவாலய ஓட்டம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். 15 கிலோ என்பதை டாக்டரோ கண்ணாடியோ சொல்லியிருக்கும். இது உங்கள் மனதிலிருந்து வந்திருக்கிறது, குளச்சல் அம்மாவின் மண்டைக்காடு போல. சிவராத்திரிக்கு முந்தின நாள் முன்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடிகிற பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு கையில் விசிறியோடு போகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், மறுநாள் கொப்புளத்தோடும் பூட்டிய முட்டோடும் வருகிறவர்களையும் பார்க்கிறேன். முடித்தவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன். யாரும் நூறு கிலோமீட்டரை நினைத்துக்கொண்டு நடக்கவில்லை. பொன்மனையில் நிற்கிறவருக்குப் பன்னிப்பாகம் மட்டும்தான் கண்ணில் இருக்கிறது. குளித்து, கும்பிட்டு, விபூதி வாங்கி, அடுத்தது. பெரிய தூரத்தை எப்படிப் பிரிப்பது என்பதை நம் முன்னோர் கோயில் கோயிலாக நட்டுவைத்திருக்கிறார்கள்.

இப்போது ஐப்பசி. மாசிக்கு நான்கு மாதம்தான். 3,000 அடி நடக்கிற உடம்பை நான்கு மாதத்தில் நூறு கிலோமீட்டருக்குக் கொண்டுபோக நான் சம்மதிக்கமாட்டேன். இந்த வருடம் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்குளத்திலிருந்து மேலாங்கோடு வரை நடந்துவிட்டு வாருங்கள். தை முடிவதற்குள் அதைத் திருவிடைக்கோடு வரை நீட்டுங்கள். சிவராத்திரி அன்று கல்குளத்தில் தொடங்கி, கூட்டத்தோடு சேர்ந்து திருவிதாங்கோடு வரை நான்கு கோயில். அதற்கு அடுத்த வருடம் பன்னிரண்டு. மலையோரப் பாதையில் இறக்கம் அதிகம், தொடைத் தசையைப் பாடாய்ப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான். அதனால் ஆடி மாதத்திலிருந்தே மாத்தூர் தொட்டிப்பாலத்துப் படிகளில் ஆற்றுக்கு இறங்கி ஏறிப் பழகலாம். பலர் வெறுங்காலோடு போகிறார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிற நீங்கள் தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு வரை பாருங்கள். தோல் கிழிந்திருந்தால் ஆறும்வரை நடை இல்லை, மற்றப் பயிற்சிகள் மட்டும்.

தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈசிஜி மூன்றையும் பார்த்துவிடுங்கள். சாதாரண நடைக்கு இவ்வளவு வேண்டாம், ஆனால் ஓட்டம் உங்கள் மனதில் இருப்பதால் சொல்கிறேன். நடக்கும்போது நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், தலைசுற்றல் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருந்த ஒருவரை நான் இழந்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இருந்தால், நடையைக் கூட்டும் முன் டாக்டரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில மருந்துகளோடு நடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும்.

ஜனவரி 1க்குக் காத்திருக்க வேண்டாம். வெளியே இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது, தொடங்குவதற்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. இந்த மழையில் செய்ய முடிந்ததை நீங்கள் தை வெயிலில் நிச்சயம் செய்வீர்கள். நாளைக் காலைச் சாயா முடிந்ததும் ஹாலில் பத்து நிமிடம், நாற்காலியில் பத்துத் தடவை, காலண்டரில் ஒரு வட்டம். ஆறு வாரம் கழித்து எத்தனை வட்டம் சேர்ந்திருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். எடை எவ்வளவு என்று அப்போது நான் கேட்கமாட்டேன்.